என் பெயரில் ஒரு பூட்டு

நான் வேலை பார்த்த நிறுவனத்தில் வருடத்துக்கு ஒரு மலர் போடுவார்கள். அதற்கு ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி தினேஷ் போன் செய்தான். இப்போது அங்கே ஸ்கிரிப்ட் எழுதும் பிரிவுக்கு அவன்தான் தலைவன். தலைப்பையும் அவனே வைத்துவிட்டான்: முருகேசன் பூட்டு பிறந்த கதை. இனிமேல் ஸ்கிரிப்டுகளை ஏஐ எழுதப் போகிறதாம். எங்கள் பழைய மாட்யூல்களையெல்லாம் அதற்குப் படிக்கக் கொடுத்திருக்கிறார்களாம். எந்த வாடிக்கையாளருக்கு எது கேட்டாலும் அது மறக்காமல் அந்தப் பூட்டையும் சேர்த்து, மேலே குறிப்பு வரியில் என் பெயரையும் எழுதிவிடுகிறதாம். உங்கள் பெயர் இன்னும் நூறு வருடம் இருக்கும் சார் என்று சொல்லிச் சிரித்தான்.

நானும் சிரித்துவைத்தேன். போனை வைத்த பிறகு அரைமணி நேரம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மனைவி வந்து உடம்புக்கு என்ன என்று கேட்டாள். உடம்புக்கு ஒன்றும் இல்லை என்றேன்.

முருகேசன் நான்தான். அந்தப் பூட்டை நான் செய்யவில்லை. அதைச் செய்தவளை அந்த வேலையை விட்டே போக வைத்தவன் நான். இதை ஒரு பக்கத்தில் எழுத முடியாது. எழுதியதை மலரில் போடுவதும் போடாததும் தினேஷ் பாடு.

மதுரைக்கு மேற்கே செக்கானூரணிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் எல்லோருக்கும் வெள்ளாமைதான். நான் பாலிடெக்னிக் முடித்து, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் கடை ஒன்றில் சேர்ந்து, ஸ்க்ரூ டிரைவரும் கையுமாக மதுரை முழுக்க அலைந்து, கடைசியில் இந்த நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தேன். பதினைந்து வருடக் கதையை ஒரு வரியில் முடித்துவிட்டேன். அதில் பெருமைப்படவும் ஒன்றும் இல்லை, வெட்கப்படவும் ஒன்றும் இல்லை. வெட்கமெல்லாம் அதற்குப் பிறகு.

கல்லூரி, மருத்துவமனை, ஜவுளிக்கடை என்று ஊரில் உள்ளவர்களின் கம்ப்யூட்டர்களைப் பராமரிப்பது எங்கள் தொழில். முதலில் ஒவ்வொரு கம்ப்யூட்டர் முன்னாலும் போய் உட்கார்ந்து வேலை பார்த்தோம். பிறகு ஸ்கிரிப்ட் வந்தது. ஸ்கிரிப்ட் என்றால் கம்ப்யூட்டருக்கு எழுதிவைக்கும் வேலைப் பட்டியல். இந்த மென்பொருள் இருக்க வேண்டும், இந்தப் பிரிண்டர் இருக்க வேண்டும், இந்தக் கோப்பு இந்த ஃபோல்டரில் இருக்க வேண்டும் என்று எழுதி ஒரு பட்டனைத் தட்டினால், இருநூறு கம்ப்யூட்டரும் தன்னைத்தானே அதன்படி சரிசெய்துகொள்ளும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் தலைகால் புரியவில்லை. அதுவரை ஆயுதபூஜைக்குக்கூட லீவு போட முடியாமல் அலைந்தவன் நான்.

ஆனால் ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் எழுதினோம். ஒரே வேலை பத்து இடத்தில் பத்து மாதிரி இருக்கும். ஒரு திருத்தம் வந்தால் ஒன்பது இடத்தில் திருத்திவிட்டுப் பத்தாவதை மறப்போம். அதனால் திரும்பத் திரும்ப வருகிற வேலைகளை மட்டும் தனித்தனியாகப் பிரித்து, ஒருமுறை ஒழுங்காக எழுதி, எல்லோரும் எடுத்துப் பயன்படுத்தும்படி ஒரே இடத்தில் வைத்தேன். வீட்டுக்கு வீடு அம்மியில் அரைக்காமல் மில்லில் மொத்தமாக அரைத்து டப்பாவில் வைப்பது மாதிரி. பிரிண்டருக்கு ஒன்று, ஃபோல்டருக்கு ஒன்று, நகல் எடுத்துவைக்க ஒன்று. இவற்றைத்தான் மாட்யூல் என்பார்கள். இது என்னுடைய யோசனை, என்னுடைய உழைப்பு. அதில் எனக்கு இருந்த கர்வமும் சின்னதல்ல.

மாட்யூலை எடுத்துப் போடுகிறவர் சில கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். எந்த ஃபோல்டர், எந்தக் கோப்பு என்பது போல. ஏதாவது ஒரு கேள்விக்குப் பதில் எழுதாமல் விட்டால், மாட்யூலே தன்னிடம் உள்ள ஒரு பதிலை எடுத்துக்கொள்ளும். அதற்கு டீஃபால்ட் என்று பெயர். ஃபோல்டர் மாட்யூலில் கடைசிக் கேள்வி இது: பட்டியலில் இல்லாத மற்ற கோப்புகளை அழிக்கலாமா? யாரும் பதில் சொல்லாவிட்டால் 'வேண்டாம்' என்று எடுத்துக்கொள்ளும்படி எழுதியிருந்தேன். நல்ல புத்தியோடு இருந்த நாளில் எழுதியது.

எங்கள் பிரிவுக்கு அப்போது தங்கராசு சார் தலைவர். சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. ஏதாவது தப்பு நடந்தால் தன் அறைக்குக் கூப்பிடமாட்டார். அவரே வந்து நம் மேசை ஓரத்தில் ஒரு ஸ்டீல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைக்கிற பழக்கத்தில் பேண்ட் பாக்கெட்டைத் தேடி, பிறகு கைக்குட்டையை எடுத்துத் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை நாம் நடந்ததைச் சொல்ல வேண்டும். நடுவில் ஒன்றே ஒன்று கேட்பார்: அப்புறம்? நாம் நிறுத்துகிற இடத்திலெல்லாம் அப்புறம் என்பார். பொய் சொல்ல வந்தவன் மூன்றாவது அப்புறத்தில் உளறிவிடுவான்.

அவர் ஏற்படுத்திய வழக்கம் ஒன்று உண்டு. அதற்குக் கடைசிக் கை என்று பெயர். ஏதாவது கெட்டுப்போனால், அதற்கு முன் கடைசியாக அந்த இடத்தில் கை வைத்தவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் ஆளாளுக்கு அடுத்தவரைக் கைகாட்டி ஒரு தப்புக்கு ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்ததால் இதைக் கொண்டுவந்தார். அறிக்கைப் படிவத்திலேயே அதற்கு ஒரு கட்டம் இருந்தது. ஆளுக்கொரு ஸ்கிரிப்ட் எழுதின காலத்தில் அது சரியான வழக்கம்தான். ஒருவர் எழுதிய மாட்யூலை இன்னொருவர் எடுத்துப் போடுகிற காலத்தில், கெடுத்த கையும் கடைசிக் கையும் வேறு வேறாக இருக்கும் என்பது எங்கள் யாருக்கும் உறைக்கவில்லை. உறைத்தபோது, அது எனக்கு வசதியாக இருந்தது.

ஹேமலதா என் பக்கத்து மேசை. சௌராஷ்டிரக் குடும்பம், அப்பாவுக்கு ஜவுளி வியாபாரம். அவள் எங்களிடம் சேர்ந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அம்மாவோடு போனில் தங்கள் பாஷையில் பேசிக்கொண்டே கீபோர்டில் தமிழன் ஒருவனும் தட்ட முடியாத வேகத்தில் தட்டுவாள். என்னைப் பற்றித்தானே உன் அம்மாவிடம் கோள் சொல்கிறாய் என்று வம்பிழுப்பேன். உங்களைத் திட்டுவதாக இருந்தால் தமிழிலேயே திட்டிவிடுவேன் அண்ணே என்பாள். வேலையில் என்னைவிட நிதானம். தெரியாததைத் தெரியாது என்று சொல்லிக் கேட்பாள். அந்தக் கேட்கிற குணம்தான் அவளுக்கு எமனாக வந்தது.

இனி நான் செய்ததைச் சொல்கிறேன். பன்னிரண்டு வருடத்துக்கு முந்தைய விஷயம்.

ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் பரீட்சைக்கு நாங்கள் பொறுப்பு. பரீட்சை ஃபோல்டரில் கேள்விக் கோப்பு மட்டும்தான் இருக்க வேண்டும், வேறு எது கிடந்தாலும் அழித்துவிட வேண்டும். அதற்கு ஃபோல்டர் மாட்யூலைப் போட்டு, ஒவ்வொரு அறைக்கும் கடைசிக் கேள்விக்கு 'அழிக்கலாம்' என்று எழுதிக்கொண்டு வந்தேன். அறைகள் கூடிக்கொண்டே போயின. ஒரு நாள் ஒரு அறைக்கு எழுத விட்டுப்போய்க் கல்லூரியிலிருந்து புகார் வந்தது. எரிச்சலில் பொது மாட்யூலையே திறந்து டீஃபால்ட்டை மாற்றிவிட்டேன். இனி யாரும் பதில் சொல்லாவிட்டால் 'அழிக்கலாம்' என்று எடுத்துக்கொள்ளும். ஒரு வார்த்தை மாற்றம். கல்லூரிக்கான ஸ்கிரிப்டில் எழுத வேண்டியதை எல்லோருக்கும் பொதுவான இடத்தில் எழுதினேன்.

அந்த மாட்யூலை அப்போது யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்று பார்க்காமல் இல்லை. வேறு மூன்று இடத்தில் இருந்தது. மூன்றிலும் கடைசிக் கேள்விக்குப் பதில் எழுதியிருந்தது, அதனால் பாதகமில்லை. ஏற்கெனவே எடுத்தவர்களைப் பார்த்தேன், இனி எடுக்கப் போகிறவரை நினைக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. யார் எதை மாற்றினார்கள் என்று தானாகப் பதிவாகும் பட்டியலில், காரணம் எழுத வேண்டிய இடத்தில் 'சிறு திருத்தம்' என்று எழுதினேன்.

எட்டு நாள் கழித்துக் காலை டீ வேளையில் ஹேமலதா என் பக்கம் திரும்பினாள். நகரில் ஒரு டயாலிசிஸ் மையம் எங்கள் வாடிக்கையாளர். அங்குள்ள கம்ப்யூட்டர்களில் ஒரு ஃபோல்டருக்குள் புதிய படிவம் ஒன்றை வைக்கச் சொல்லியிருந்தார்கள்.

"அண்ணே, ஃபோல்டர் மாட்யூல டயாலிசிஸ் சென்டருக்குப் போடப் போறேன். உள்ள இருக்குற மத்த ஃபைல் எதையும் அது தொடாதுல்ல?"

"தொடாதும்மா. கண்ண மூடிக்கிட்டுப் போடு."

மறந்துவிட்டேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். மறந்தது உண்மைதான். ஆனால் கேட்டவளின் முகத்தையோ என் திரையையோ ஒரு நிமிடம் பார்த்துப் பதில் சொல்லியிருந்தால் ஞாபகம் வந்திருக்கும். கையில் இருந்த பருப்பு வடையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன்.

டயாலிசிஸ் என்றால் என்ன என்று பலருக்குத் தெரிந்திருக்கும். சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உடம்பில் தேங்கும் நீரையும் கழிவையும் இயந்திரம் வெளியே எடுக்கும். எவ்வளவு நீர் எடுக்கலாம் என்பதற்கு ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு கணக்கு உண்டு. நீரெல்லாம் போன பிறகு அவர் உடம்பு இவ்வளவு எடை இருக்க வேண்டும் என்று டாக்டர் ஒரு எண்ணைக் குறித்திருப்பார். உடம்பு தேறினால் அந்த எண்ணைக் கூட்டுவார், இளைத்தால் குறைப்பார். அந்த மையத்தில் பெரிய மென்பொருள் ஒன்று இருந்தது. ஆனால் டெக்னீஷியன்கள் கை அவசரத்துக்கு நோயாளிக்கு ஒரு கோப்பு என்று தாங்களே போட்டு, அந்த எண்ணையும் மற்ற குறிப்புகளையும் அதில்தான் எழுதி வந்தார்கள். அந்தக் கோப்புகள் இருந்தது, படிவம் வைக்கச் சொன்ன அதே ஃபோல்டரில்.

பதினொன்றரை மணிக்கு ஹேமலதா பட்டனைத் தட்டினாள். படிவம் வந்து உட்கார்ந்தது. மற்றதெல்லாம் போயிற்று.

நகல் இருந்திருக்குமே என்று கேட்பீர்கள். இருந்தது. நகல் எடுக்கும் மாட்யூலும் நான் எழுதியதுதான். இந்தப் பக்கம் எப்படி இருக்கிறதோ அந்தப் பக்கத்தையும் அப்படியே ஆக்கிவிடும், மணிக்கு ஒருமுறை. பன்னிரண்டு மணிக்கு அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. இங்கே படிவம் மட்டும், அங்கேயும் படிவம் மட்டும். என் இரண்டு மாட்யூல்களும் ஒன்றுக்கொன்று ஒத்தாசையாக வேலை செய்த நாள் அது.

மதியம் இரண்டு மணிக்கு வந்தவர்களில் திருவாதவூர்க்காரர் ஒருவர் இருந்தார். அறுபது வயது விவசாயி. வாரம் இரண்டு தடவை பஸ்ஸில் வருகிறவர். அவர் கோப்பைத் தேடிக் காணாமல், டெக்னீஷியன் அவரிடமே எடையைக் கேட்டிருக்கிறார். அவர் தனக்குத் தெரிந்த பழைய எண்ணைச் சொல்லியிருக்கிறார். முந்தின வாரம்தான் டாக்டர் உடம்பு தேறியிருக்கிறது என்று இரண்டு கிலோ கூட்டி எழுதியிருந்தார். அது அழிந்த கோப்பில் இருந்தது. இயந்திரம் அவர் உடம்பிலிருந்து இரண்டு லிட்டர் நீரைக் கூடுதலாக எடுத்துவிட்டது. காலெல்லாம் இழுத்துப் பிடித்து, ரத்த அழுத்தம் இறங்கி, மனிதர் நினைவு தப்பிவிட்டார். சலைன் ஏற்றிப் பிழைக்க வைத்தார்கள். மூன்று நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள்.

செய்தி எங்களுக்கு நான்கு மணிக்கு வந்தது. தங்கராசு சார் ஸ்டீல் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்தார். ஹேமலதா மேசைக்கும் என் மேசைக்கும் நடுவில் போட்டு உட்கார்ந்தார். நோயாளி பிழைத்துக்கொண்டாரா என்று ஹேமலதா முதலில் கேட்டாள். எனக்கு அது தோன்றவில்லை. என் மண்டைக்குள் அந்த ஒரு வார்த்தை, 'அழிக்கலாம்', மின்விளக்கு போட்ட மாதிரி எரிந்துகொண்டிருந்தது.

கடைசிக் கை யாருது என்று சார் கேட்டார். என்னுடையதுதான் என்றாள். காலையில் செய்ததை வரிசையாகச் சொன்னாள். அவர் கண்ணாடியைத் துடைத்தார்.

"அப்புறம்? போடுறதுக்கு முன்னாடி அது என்ன செய்யும்னு பாத்தியா?"

"கேட்டேன் சார்."

"யார்ட்ட?"

அவள் என்னைப் பார்த்தாள். குற்றம் சொல்கிற பார்வை இல்லை. இப்போது நான் பேசுவேன் என்று காத்திருக்கிற பார்வை. நான் குனிந்து என் லேப்டாப் சார்ஜரின் பின் சரியாகச் சொருகியிருக்கிறதா என்று பார்த்தேன். சொருகித்தான் இருந்தது. கழற்றி மறுபடி சொருகினேன். அவ்வளவு நேரமும் அவள் எனக்காகக் காத்திருந்தாள்.

"பாத்திருக்கணும் சார். பாக்கல," என்றாள்.

சார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். பிறகு எழுந்துகொண்டே, அறிக்கையை நீயே எழுதிவிடு முருகேசா என்றார். அப்போது எனக்குத் தப்பித்தோம் என்று இருந்தது. அவருக்குத் தெரிந்திருக்கும், வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது சொல்வான் என்று எனக்கு ஒரு வழி விட்டிருக்கிறார் என்பது பல வருடம் கழித்துத்தான் தோன்றியது. அவர் இப்போது இல்லை. கேட்டுத் தெளிவதற்கும் வழியில்லை.

அறிக்கை எழுத உட்காரும் முன் நான் செய்த முதல் காரியம், மாட்யூலைத் திறந்து டீஃபால்ட்டைப் பழையபடி 'வேண்டாம்' என்று மாற்றியது. காரணம் எழுத வேண்டிய இடத்தில் மறுபடியும் 'சிறு திருத்தம்'. யாராவது திறந்து பார்த்தால் மாட்யூல் பத்தரைமாற்றுத் தங்கமாக இருக்க வேண்டும் அல்லவா. பதிவுப் பட்டியலைப் புரட்டினால் தெரியும். யாரும் புரட்டவில்லை. கடைசிக் கை கிடைத்த பிறகு எங்கள் வழக்கத்தில் வேறு எதையும் புரட்ட மாட்டோம்.

பிறகு எழுதினேன். 'மாட்யூலின் செயல்பாட்டை உரியவர் முன்கூட்டியே சரிபார்க்காமல் பயன்படுத்தியதே நிகழ்வுக்குக் காரணம். நோயாளி ஒருவருக்குச் சிறு உபாதை ஏற்பட்டுச் சீரானது.' இதில் பொய் எது என்று சொல்லுங்கள் பார்ப்போம். ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. அந்தக் கெட்டிக்காரத்தனத்தை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

ஹேமலதா அடுத்த இரண்டு நாளும் டயாலிசிஸ் மையத்திலேயே இருந்து, டாக்டர்களின் காகிதக் குறிப்புகளைப் பார்த்து எல்லாக் கோப்புகளையும் மறுபடி தட்டச்சு செய்து கொடுத்தாள். நான் போகவில்லை. அறிக்கை எழுதுகிற வேலை இருந்ததே.

அவளை ஸ்கிரிப்ட் பிரிவிலிருந்து எடுத்து, வாடிக்கையாளர்களின் போன் எடுக்கிற வேலையில் போட்டார்கள். போவதற்கு முந்தின நான்கு நாளில் அவள் ஒரு காரியம் செய்தாள். எந்த மாட்யூலோடும் சேர்த்துப் போடக்கூடிய ஒரு சின்ன ஸ்கிரிப்ட் துண்டு எழுதினாள். அதுதான் அந்தப் பூட்டு. எதையாவது அழிக்கப் போகிற ஸ்கிரிப்டை ஓடவிட்டால், இது குறுக்கே வந்து நிற்கும். அழியப் போகிற கோப்புகளின் பெயர்களை வரிசையாகக் காட்டும். மொத்தம் எத்தனை என்று நாமே எண்ணி அந்த எண்ணைக் கையால் அடிக்க வேண்டும். தப்பாக அடித்தால் நகராது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை, யாரையும் நம்ப வேண்டியதில்லை. மாட்யூல்கள் இருக்கும் பொது இடத்தில் சேர்க்க அவளுக்கு அப்போது உரிமை பறிபோயிருந்ததால், என்னிடம் கொடுத்தாள்.

"இதப் போட்டுருங்க அண்ணே," என்றாள்.

போட்டேன். யார் போட்டாரோ அவர் பெயர்தான் பதிவாகும். என் பெயர் பதிவானது. குறிப்பு வரியில் அவள் பெயரை எழுதியிருக்கலாம். எழுதினால் எதற்காக எழுதினாள், என்ன நடந்தது என்று பேச்சு வரும். எழுதவில்லை.

ஒரு வருடம் போன் எடுத்துவிட்டு அவள் வேலையை விட்டாள். ஊரிலேயே வேறு இரண்டு நிறுவனங்களில் ஸ்கிரிப்ட் வேலைக்குக் கேட்டிருக்கிறாள். அவர்கள் தங்கராசு சாரிடம் விசாரித்தார்கள். அவர் அறிக்கையில் உள்ளதைச் சொன்னார். அவர் பொய் சொல்ல மாட்டார் என்று ஊருக்கே தெரியும். அத்தோடு அவளுக்கு அந்த வேலை முடிந்தது.

பூட்டு மட்டும் பிழைத்துக்கொண்டது. புதிதாக வந்த பிள்ளைகள் பதிவைப் பார்த்து அதற்கு முருகேசன் பூட்டு என்று பெயர் வைத்தார்கள். நான் மறுக்கவில்லை. முதல் தடவை மறுக்காவிட்டால் இரண்டாவது தடவை மறுப்பது கஷ்டம். பத்தாவது தடவை நமக்கே அது நம்முடையது மாதிரி ஆகிவிடுகிறது. ஓய்வு பெறும் நாளில் ஒரு பையன் மைக்கைப் பிடித்து, இந்தப் பூட்டு மட்டும் இல்லைன்னா நம்மள்ல எம்புட்டுப் பேரு வேலை போயிருக்கும் என்றான். எல்லோரும் கைதட்டினார்கள். பொன்னாடை போர்த்தினார்கள். குனிந்து வாங்கிக்கொண்டேன். அது பீரோவில் இருக்கிறது. மறுபடி பிரிக்கவும் இல்லை, யாருக்கும் கொடுக்கவும் இல்லை.

தினேஷ் போன் செய்த மறுநாள், அவனையே கூப்பிட்டுப் பதிவுப் பட்டியலில் எந்தப் பக்கத்தைப் பார்க்க வேண்டும் என்று சொன்னேன். இரண்டு 'சிறு திருத்தம்' இருக்கும், நடுவில் எட்டு நாள் இருக்கும், அந்த எட்டாவது நாளின் அறிக்கையை எடு என்றேன். லைனிலேயே பார்த்தான். சார், இது இப்ப எதுக்கு சார் என்றான். அவனுக்கு என்மேல் பிரியம் உண்டு. அதனால்தான் அப்படிக் கேட்டான்.

ஹேமலதா பசுமலையில் ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் அறைகளுக்குப் பொறுப்பாக இருக்கிறாள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு போனேன். தலையில் அங்கங்கே நரை. என்னைப் பார்த்ததும் வாங்கண்ணே என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். கேன்டீனிலிருந்து டீ வரவழைத்தாள். நான் வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்ததைச் சொன்னேன். அன்று நான் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை, பயம்தான் காரணம், வேறு காரணம் எதுவும் சொல்ல வரவில்லை என்றேன். பூட்டுக்கு உன் பெயரைப் போடச் சொல்லிவிட்டேன் என்றேன்.

அவள் டீயைக் குடித்து முடித்து டம்ளரை ஓரமாக வைத்தாள்.

"பூட்டுக்கு எம்பேரு இருந்தா என்ன, இல்லாட்டி என்ன. அந்த அறிக்கைய மாத்துங்க. நானும் தொறந்து பாக்காமத்தான் போட்டேன், அதையும் எழுதுங்க. ஆனா கேட்டேங்கிறதையும் எழுதுங்க."

எழுதுகிறேன் என்றேன். அப்போது அவள் அம்மாவிடமிருந்து போன் வந்தது. தங்கள் பாஷையில் நாலு வார்த்தை பேசி வைத்தாள். அதில் நான் இருந்தேனா என்று இந்த முறை நான் கேட்கவில்லை.

கிளம்பும்போது கேட்டாள்.

"அன்னைக்கி நெனவு தப்புன பெரியவரு, அவுக பேரு ஞாபகம் இருக்காண்ணே?"

எனக்கு ஞாபகம் இல்லை. மறந்துபோனதல்ல, எனக்கு அது தெரிந்ததே இல்லை. 'நோயாளி ஒருவர்' என்றுதானே எழுதினேன்.

சோலைமலை என்றாள். மையத்தில் தட்டச்சு செய்த இரண்டு நாளில் ஆஸ்பத்திரியில் அவர் கட்டிலுக்குப் போய்ப் பேசியிருக்கிறாள். பிறகு திருவாதவூரில் வீட்டைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். முதல் தடவை அவர் மனைவி வாசலிலேயே நிறுத்திச் சண்டை போட்டிருக்கிறார். இரண்டாவது தடவை மோர் கொடுத்திருக்கிறார். அதன்பின் வருடத்துக்கு ஒரு தடவையாவது போய் வந்திருக்கிறாள். என்னிடம் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் சோலைமலையிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். இத்தனை வருடத்தில் வேறு யாரிடமும் சொல்லவில்லை.

"உங்கள ஒரு வார்த்த திட்டலண்ணே அவுக. அந்தத் தம்பி ஒரு நா வருவாப்லன்னாக. நான் போறப்பெல்லாம் கேப்பாக, வந்தாப்லயான்னு."

நான்கு வருடம் கேட்டிருக்கிறார். அதன்பின் அந்த நோயிலேயே இறந்துவிட்டார். கடைசித் தடவை அவள் போனபோதும் கேட்டாராம்.

ஆனையூரில் என் வீட்டிலிருந்து திருவாதவூருக்கு பைக்கில் முக்கால் மணி நேரம்.